இல்லாத கெண்டைக்கால் வலி

பூட்டுக்குக் கெண்டைக்காலில் எந்தக் கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற காகிதங்கள் எல்லாம் வேறு மாதிரி சொல்லும்.

பூட்டு என்பது ரசிகர்கள் வைத்த பெயர். ஐந்தாம் எண் பனியனோடு அவன் பின்வரிசையில் நின்றால் எதிரணிக்காரன் பந்தோடு உள்ளே நுழைவது நடக்காத காரியம் என்பதால் வந்தது. வயது முப்பத்துநான்கு. பன்னிரண்டு வருடமாக ஒரே கால்பந்து கிளப், ஆறு வருடமாகக் கேப்டன். முகத்தில் இரண்டு தையல், மூக்கில் ஒரு வளைவு. வலிக்குப் பயந்து ஒரு பந்தையும் விட்டவன் இல்லை என்று அவனைப் பிடிக்காதவர்களே சொல்வார்கள்.

புதன்கிழமை காலை அவன் அடுப்படி மேசையில் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தேசிய அணியின் தேர்வாளர். பழைய ஆட்டக்காரர், நல்ல மனிதர், சுற்றி வளைக்காதவர்.

"தம்பி, மனசுல வச்சுக்காத. லிஸ்ட்ல உன் பேரு இல்ல."

பூட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "ஏண்ணே?"

"ஆட்டத்துல குறையே இல்ல. கால்தான். ஒன்றரை வருஷத்துல மூணு தடவை, அதே வலது கெண்டைக்கால். உன் கிளப் அனுப்பின பேப்பரை எல்லாம் எங்க டாக்டர் பார்த்துட்டு, இந்தத் தசையை நம்ப முடியாதுன்னுட்டார். மூணு வாரத்துல ஆறு மேட்ச். பாதியில நீ உட்கார்ந்துட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அண்ணே, அந்தக் கால் நல்ல கால், அந்தப் பேப்பர் பொய் என்று சொல்ல வாய் வரை வந்தது. மூன்று பேப்பரிலும் கீழே இருப்பது அவன் கையெழுத்து. "சரிண்ணே" என்று சொல்லி வைத்தான். நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் போட்டித்தொடர் அது, அடுத்தது வரும்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயதாகியிருக்கும். நாட்டின் பனியனைப் போட்டு ஆட இதுதான் கடைசி வாய்ப்பு. அது போயே போய்விட்டது, இல்லாத ஒரு வலியால்.

இஸ்திரி போட்டது அவன் சட்டை இல்லை, டிரைவருடையது. டிரைவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். பூட்டோடு ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருப்பவர், பூட்டின் மனசுக்குச் சொந்தக்காரர். முதல் நான்கு வருடம் வெளியில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு ஆள் வந்தால் டிரைவர் வாடகையைப் பங்கு போடும் நண்பர் ஆகிவிடுவார். அந்த நடிப்பு பூட்டுக்கு அலுத்துப்போனது. மூன்று சீசனுக்கு முன்னால் கிளப்பில் குடும்பப் புகைப்பட நாள் வந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரனும் மனைவி, பிள்ளை, அப்பா, அம்மா என்று கூட்டிக்கொண்டு வந்து மைதானத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது அந்தக் கிளப்பில் வழக்கம். பூட்டு டிரைவரைக் கூட்டிக்கொண்டு போனான். டிரைவர் வேலை முடிந்து நேராக வந்ததால் யூனிஃபார்மிலேயே இருந்தார், மார்பில் பேட்ஜ் கூடக் கழற்றவில்லை.

"இவர் யாரு?" என்று படம் எடுப்பவர் கேட்டார்.

"என் குடும்பம்" என்றான் பூட்டு. அவ்வளவுதான். ஊருக்கு அறிவித்தாகிவிட்டது.

கிளப் செயலாளர் ஆடிப்போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அதெல்லாம் இல்லை. ஒரே வாரத்தில் அந்தப் படத்தை இரண்டு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மைதான வாசலில் மாட்டினார். கீழே கொட்டை எழுத்தில் 'எல்லோருக்கும் இடமுள்ள கிளப்'. பத்திரிகைக்காரர்களை வரவழைத்து, பூட்டின் தோளில் கைபோட்டுப் பல்லைக் காட்டினார். அந்தப் படம் இன்றைக்கும் வாசலில் இருக்கிறது. தினமும் பூட்டு தன் படத்தைத் தாண்டித்தான் உள்ளே போகிறான்.

அந்தச் சீசனில் துறைமுக அணியின் மைதானத்தில் ஆட்டம். அங்கே ரசிகர்கள் ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டை இங்கே எழுதக் கை கூசுகிறது. பாட்டில்கள் பறந்தன. எட்டு நிமிடம் ஆட்டம் நின்றது. பூட்டு இடுப்பில் கைவைத்து நடுவில் நின்றான், பிறகு ஆடினான், ஜெயித்தார்கள். அவனைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. செயலாளருக்கு முடியவில்லை. டி.வி.யில் எட்டு நிமிடம் கிளப் பெயர் அசிங்கப்பட்டுவிட்டதாம். அசிங்கமாகப் பாடியது யார், அசிங்கப்பட்டது யார் என்ற கணக்கெல்லாம் அவருக்கு வேண்டாதது.

அடுத்த முறை துறைமுகத்துக்குப் போகவேண்டிய வாரத்தில்தான் கெண்டைக்கால் வலி பிறந்தது.

"உன் நல்லதுக்குத்தான் தம்பி சொல்றேன்" என்றார் செயலாளர். லீக் விதிப்படி, உடம்பு நன்றாக இருக்கும் கேப்டனைப் பட்டியலில் சேர்க்காவிட்டால் காரணம் எழுதவேண்டும். பிசியோ எழுதி, ஆட்டக்காரனும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். 'ஒரே ஒரு தடவை' என்று கெஞ்சினார். பூட்டு போட்டான். இரண்டாவது முறையும் 'ஒரே ஒரு தடவை'. மூன்றாவது முறை அதைச் சொல்லக்கூட இல்லை, பேனாவை மட்டும் நீட்டினார்.

அதற்குள் துறைமுக ரசிகர்கள் அந்தப் பாட்டோடு புதிதாக ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். கெண்டைக்கால் வலிக்குதா கண்ணு, கோழைக்கு எங்கே வலிக்கும் சொல்லு. பழைய பாட்டைப் பூட்டு ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருந்தான். இந்த ஒரு வரி அவன் தூக்கத்தைத் தின்றது. தான் யார் என்று சொல்லித் திட்டினால் அவனுக்குக் கவலையில்லை. தான் யாரில்லையோ அதைச் சொல்லித் திட்டினார்கள். அதற்கு ஆதாரம் எடுத்துக் கொடுத்தது சொந்தக் கிளப்.

வியாழக்கிழமை மதியம், பயிற்சி முடிந்து பூட்டு பிசியோ அறைக்குப் போனான். மூன்று கட்டில், ஐஸ் பெட்டி, தைல வாடை. பிசியோ பத்து வருடமாக அவன் உடம்பைப் பிடித்துவிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி துறைமுகத்தில் ஆட்டம், மேசையில் நான்காவது படிவம் தயாராக இருந்தது. பக்கத்தில் செயலாளர்.

"வலது கெண்டைக்கால்" என்று வாசித்தான் பூட்டு. "பத்து நாள் ஓய்வு. சார், இன்னிக்குக் காலையில எல்லாரையும் முந்திக்கிட்டு ஓடினேன். பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன், பார்த்தேன். பேப்பர்தானே தம்பி. என்ன இப்போ?"

"இந்தப் பேப்பராலதான் நேத்து நேஷனல் டீம்ல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க."

செயலாளர் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. வருத்தம் என்று பூட்டு நினைத்தான். ஆனால் அவர் கேட்டது இதுதான். "நீ அவங்ககிட்ட ஒண்ணும் உளறிடலையே?"

பிசியோ ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். அவளால் வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

"சார், இதுல 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு" என்றான் பூட்டு. குரல் உயரவில்லை. "அதுல உண்மையை எழுதுங்க. நான் டிரைவரோட இருக்கறதால உங்களுக்குப் பயம்னு எழுதுங்க. எழுதினா இந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன்."

"அப்படியெல்லாம் எழுத முடியுமா? என்ன பேசறே நீ! வாசல்ல உன் படத்தை மாட்டி வச்சிருக்கேன் நான்!"

"படத்தை மாட்டினீங்க சார். ஆளை இறக்க மாட்டேங்கறீங்க."

பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். கோச் நடைபாதையில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தார். ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர், பூட்டு தாண்டிப்போகும்வரை நிமிரவே இல்லை.

வெள்ளிக்கிழமை கிளப் அறிவித்துவிட்டது. கேப்டனுக்கு மீண்டும் கெண்டைக்கால் வலி, ஞாயிறு ஆட்டத்தில் இல்லை. கையெழுத்து இல்லாமலே எப்படிப் போனது? ஆட்டக்காரர் வரமுடியாத நிலையில் செயலாளரே போடலாம் என்று விதியில் ஒரு ஓட்டை இருந்ததாம். செயலாளர்களுக்கு எப்போதும் ஒரு ஓட்டை கிடைக்கும்.

முதல் போன் அம்மா. ரயில்வே டிக்கெட் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவள், பொய்யைக் குரலிலேயே பிடித்துவிடுவாள்.

"என்னடா, மறுபடி காலா?"

"ஆமாம்மா."

"சரி, எனக்கு ஒரு விஷயம் சொல்லு. கப்பல் பக்கம் போனா மட்டும் வலிக்கிற கால் என்ன காலுடா? நான் பெத்த காலு எனக்குத் தெரியாதா?"

பூட்டு சொல்லிவிட்டான். ஒன்றரை வருடமாக மென்று முழுங்கியதை எல்லாம் கொட்டினான். டிரைவர் விஷயம் தெரிந்தபோது இதே அம்மா எட்டு மாதம் அவனோடு பேசவில்லை. ஒன்பதாவது மாதம் போன் செய்து, 'அந்தப் பையன் ஒழுங்கா சாப்பிடறானா' என்று கேட்டாள். மன்னிப்பும் சம்மதமும் ஒரே வரியில் முடிந்தது.

"நானே எட்டு மாசத்துல தேறிட்டேன்" என்றாள் இப்போது. "கோட்டு போட்ட இந்த எருமைங்களுக்கு மூணு வருஷம் பத்தலையா? நீ ஏன்டா கையெழுத்துப் போட்டே?"

அன்று முழுக்க அந்தக் கேள்வி அவனைக் குடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டிரைவர் இரண்டு டிக்கெட்டை மேசையில் வைத்தார். "நம்ம ஆளுங்க உட்கார்ற விசிட்டர் பக்கம் எல்லாம் வித்துப் போச்சு. அவங்க ஆளுங்க நடுவுலதான் கிடைச்சுது. போறோமா?"

"உனக்கு இன்னிக்கு லீவு. வீட்டுல இரேன்."

"லீவு நாள்ல உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு வீட்டுல உட்காரணுமா? ஆளை விடு. கிளம்பு."

பேருந்தில் போனார்கள். வழி முழுக்க டிரைவர் அந்த வண்டியின் ஓட்டுநரை விமர்சித்துக்கொண்டே வந்தார். "பிரேக்கை எப்படி மிதிக்கிறான் பாரு, கரப்பான்பூச்சியை மிதிக்கிற மாதிரி." பூட்டு சிரித்தான். நாலு நாளில் முதல் சிரிப்பு. அரங்கத்தின் வாசலில் அவன் மேலே போட்டிருந்த சட்டையையும் பேன்ட்டையும் கழற்றினான். உள்ளே ஐந்தாம் எண் பனியன், அரைக்கால் சட்டை, காலில் ஓட்டத்துக்கான ஷூ. இரண்டு கெண்டைக்காலும் ஊர் பார்க்க வெறுமையாக இருந்தன.

டிரைவர் ஏற இறங்கப் பார்த்தார். "என்ன பண்ணப்போற?"

"ஓடப்போறேன்."

ஆட்டம் தொடங்க விசில் ஊதியதும், பூட்டு துறைமுக ரசிகர்கள் நடுவில் இருந்த படிக்கட்டில் ஓட ஆரம்பித்தான். கீழ்க்கம்பியிலிருந்து மேல்சுவர் வரை ஐம்பத்தெட்டுப் படி. மேலே போய்ச் சுவரைத் தொட்டான், கீழே வந்து கம்பியைத் தொட்டான், மறுபடி மேலே. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் யாருக்கும் புரியவில்லை. பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. பாட்டு கிளம்பியது, பழைய வரிகள், புதிய வரி, எல்லாம். ஒரு காகிதக் குவளை அவன் முதுகில் பட்டுத் தெறித்தது. அவன் நிற்கவில்லை. காவலர் ஒருவர் குறுக்கே வந்து உட்காரச் சொன்னார்.

"படியில ஓடக்கூடாதுன்னு சட்டம் இருக்கா சார்?" என்று டிரைவர் பணிவாகக் கேட்டார். காவலருக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை.

இருபதாவது நிமிடம் டி.வி. கேமரா அவனைக் கண்டுபிடித்தது. அரங்கத்தின் பெரிய திரையில் அவன் கால்கள் தெரிந்தன. அதன் பிறகு கேமராவுக்கு மைதானத்தில் பெரிதாக வேலை இருக்கவில்லை. கீழே அவன் அணி ஒரு கோல் வாங்கியது. அவன் தலையால் தட்டிவிட்டிருக்க வேண்டிய உயரப் பந்து அது. அதைப் பார்க்கும்போதுதான் அவனுக்கு ஓட்டத்தைவிட அதிகமாக மூச்சு இறைத்தது.

இடைவேளையில் மேளக்காரன் வந்தான். பாட்டைத் தொடங்கி வைக்கிறவன் அவன்தான், கழுத்தில் தொங்கிய மேளத்தைவிட வயிறு பெரியது.

"யோவ், உன் கால் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் இறங்கல? எங்களைப் பார்த்துப் பயமா?"

"எனக்கு இல்ல. எங்க செயலாளருக்கு. முந்தின மூணு தடவையும் அதுதான்."

மேளக்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க என்ன ஆளையா கடிக்கிறோம்? சும்மா பாட்டுப் பாடறோம்!"

"பாட்டில் எறிஞ்சீங்க" என்றார் டிரைவர்.

"காலி பாட்டில்!"

"மூடி போட்டு, தண்ணி ரொப்பின பாட்டில். ஒண்ணு இவன் காதை ஒட்டிப் போச்சு. நான் வீட்டுல டி.வி. முன்னால உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல."

மேளக்காரன் டிரைவரைப் பார்த்தான், பூட்டைப் பார்த்தான், தன் இடத்துக்குப் போனான். மனம் மாறிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் பாதியில் மேளம் மறுபடி அடித்தது, அதே அசிங்கப் பாட்டுத்தான். ஆனால் கோழை என்ற வரி வரவேண்டிய இடத்தில் மேளம் நின்றது. இரண்டு மூன்று பேர் தனியாகப் பாடிப்பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பூட்டுக்கு அது போதவில்லை. ஆனாலும் கண் கலங்கியது, அதைத் துடைக்க நின்றால் ஓட்டம் நின்றுவிடும் என்று துடைக்காமல் ஓடினான். கடைசிக் கால் மணி நேரம் படிகள் உயரம் கூடிவிட்ட மாதிரி இருந்தது. கடைசி விசில் வரை ஓடினான். அணி இரண்டு கோலில் தோற்றது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பிசியோ அறையில் மறுபடி அதே மூன்று பேர். லீக் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. காயம் என்று சொல்லப்பட்ட கேப்டன் தொண்ணூறு நிமிடம் படியேறியதை நாடே பார்த்தது, மாலைக்குள் விளக்கம் வேண்டும். செயலாளர் நல்ல தூக்கம் தூங்கியவராகத் தெரியவில்லை. ஆனால் கையில் ஒரு காகிதம் தயாராக இருந்தது.

"பார் தம்பி, எல்லாருக்கும் கௌரவமா முடிச்சுடலாம். மன உளைச்சல், நீயா ஓய்வு கேட்டே, நாங்க பெருந்தன்மையா கெண்டைக்கால்னு எழுதினோம். இந்தக் காலத்துல மன உளைச்சல்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பாராட்டக்கூடச் செய்வாங்க."

ஒன்றரை வருடம் காலில் வைத்திருந்த நோயை ஒரே ராத்திரியில் தலைக்கு ஏற்றிவிட்டார். பூட்டு அந்தக் காகிதத்தை வாங்கி, நிதானமாக நான்காக மடித்து, அவர் கோட்டுப் பையில் திருப்பிச் செருகினான்.

"என் தலையும் நல்லா இருக்கு சார்."

அப்போது பிசியோ மேசை இழுப்பறையைத் திறந்தாள். நான்கு வெற்றுப் படிவங்களை எடுத்து வரிசையாக வைத்தாள். எழுத ஆரம்பித்தாள். நான்கு ஆட்டங்களின் தேதி. காயம்: இல்லை.

"என்னம்மா பண்றீங்க?" செயலாளர் குரல் பிசிறியது. "உங்க வேலை என்னாகும்னு தெரியுமா?"

"தெரியும் சார். எட்டு வயசுல பொண்ணு இருக்கா, நல்லாவே தெரியும்." அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. "என் கையெழுத்தால ஒரு மனுஷனோட கடைசி வாய்ப்பு போயிடுச்சு. நல்ல கால்னு தெரிஞ்சே எழுதினேன். இனி யாராவது வந்து வலிக்குதுன்னு சொன்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் தொட்டுப் பார்க்கறது?"

காரணம் என்ற கட்டத்தில் நான்கிலும் ஒரே வாசகம் எழுதினாள். 'ஆட்டக்காரர் ஓர் ஆணோடு வாழ்கிறார். எதிரணி ரசிகர்களின் கூச்சலுக்குக் கிளப் பயந்தது.' எழுதிவிட்டுப் படிவங்களைப் பூட்டின் பக்கம் திருப்பினாள்.

தேசிய அணியின் பட்டியல் அன்று காலை செய்தித்தாளில் வந்தாயிற்று. இந்தத் தாள்களால் அதில் ஓர் எழுத்தும் மாறாது என்று அவனுக்குத் தெரியும். எட்டு வயதுப் பெண்ணை வைத்திருப்பவள் எழுதிவிட்டாள், தன்னால் ஒன்றரை வருடம் முடியாமல் போயிற்றே என்று அம்மாவின் கேள்வி மறுபடி குத்தியது. நான்கிலும் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். செயலாளர் போனை எடுத்துக்கொண்டு, யாரையோ கூப்பிட்டபடி வெளியே ஓடினார்.

பூட்டு எழுந்து நின்றான். நின்றவன் அப்படியே கட்டிலைப் பிடித்துக்கொண்டான்.

"என்னாச்சு கேப்டன்?"

"ஒண்ணுமில்ல. நேத்து சாயங்காலத்துல இருந்து லேசா…"

பிசியோ அவனைக் குப்புறப் படுக்கவைத்தாள். வலது கெண்டைக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பூட்டு அலறினான். அவள் இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"முப்பத்துநாலு வயசுல தொண்ணூறு நிமிஷம் படியேறினா தசை என்னாகும்? நார் கிழிஞ்சிருக்கு. நிஜமாவே கிழிஞ்சிருக்கு. சனிக்கிழமை மேட்ச்ல உங்களால ஆட முடியாது. மூணு வாரம் ஆகும்."

பிசியோ இழுப்பறையிலிருந்து ஐந்தாவது படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். "இதை எவன் நம்புவான்?" என்று கேட்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"யாரும் நம்ப வேணாம்" என்றான் பூட்டு. படுத்தபடியே கையை நீட்டிப் பேனாவை வாங்கினான். "இது நான் ஓடி வாங்கின காயம். எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."